புயலின் பாதை – 6: கரையோடு முடிவதில்லை

2016 டிசம்பரில் சென்னையைப் புரட்டிப் போட்ட வர்தா, முதலில் கை வைத்தது அந்தமானில். தெற்கு அந்தமான் கடலை ஒட்டி உருவான தாழ்வு மண்டலம் தீவுகளின் பக்கம் வந்ததும் கப்பல் போக்குவரத்து நின்றது. ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் போய்த்தான் அவர்களை மீட்டன. டிசம்பர் 8-ஆம் தேதி அது புயலாகிப் பெயரும் பெற்றது.

அங்கிருந்து சென்னை வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வெறும் கடல். அட்லாண்டிக்கில் சூறாவளி கிளம்பினால் அமெரிக்கர்கள் அதற்குள்ளேயே விமானத்தை ஓட்டி, காற்றையும் அழுத்தத்தையும் அளந்து வருகிறார்கள். வங்கக் கடலில் அந்த ஏற்பாடு இல்லை. இன்சாட் படங்கள், அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஏவப்பட்ட ஸ்காட்சாட்-1 செயற்கைக்கோள், பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் மிதக்கவிட்டிருக்கும் மிதவைகள், அந்த வழியில் போகும் கப்பல்கள். இவற்றை வைத்துத்தான் வர்தாவைப் பின்தொடர வேண்டியிருந்தது.

இரவிலும் புயலைப் பார்க்க அகச்சிவப்புப் படம் உதவுகிறது. மேகத்தின் உச்சி உயர உயரக் குளிர்ச்சி கூடும். நடுவிலுள்ள கண் மட்டும் வெதுவெதுப்பாகத் தெரியும். அந்த வெப்ப வேறுபாட்டையும் மேகம் சுருண்டிருக்கும் விதத்தையும் பார்த்துப் புயலின் வலிமையைக் கணிக்கும் முறையை 1970-களில் வகுத்தவர் வெர்னான் டிவோராக் என்ற அமெரிக்கர். நடுக்கடலில் ‘மணிக்கு 130 கி.மீ. காற்று’ என்று அறிக்கை சொன்னால், பெரும்பாலும் அது இப்படிப் படத்தைப் படித்துச் சொன்ன எண். யாரும் அங்கே நின்று அளந்ததல்ல. அப்படியிருந்தும் இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிவது பெரிய சாதனை என்பேன்.

பாதைதான் தண்ணி காட்டியது. நெல்லூருக்கும் காக்கிநாடாவுக்கும் இடையே போகும் என்றன தொடக்க அறிக்கைகள். பிறகு கணிப்பு தெற்கே இறங்கிச் சென்னைக்கு வந்தது. புயல் நெருங்கிய பிறகு சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ரேடாரில் அதன் கண் வட்டமாகத் தெரிந்தது. 12-ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையே சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது.

தொலைக்காட்சிக்குச் செய்தி அத்துடன் முடிந்துவிடும். திருமழிசைக்கு முடியாது. துறைமுகத்துக்கு நேர் மேற்கே, ஏறத்தாழ 25 கி.மீ. உள்ளே இருக்கிற ஊர் இது. மணிக்குச் சுமார் 15 கி.மீ. நகரும் புயல், கடற்கரையைத் தாண்டி இங்கே வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். வர்தாவும் மேற்கு நோக்கித்தான் நகர்ந்தது.

நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். மையம் கிழக்கே இருக்கும்வரை வடகாற்று அடிக்கும். மையம் கடந்து மேற்கே போனதும் தென்காற்று அடிக்கும். நடுவில், கண் மேலே வந்தால், காற்று சட்டென்று ஓயும். ஜனங்கள் வாசலுக்கு வருவது அப்போதுதான். வடகாற்றில் வேர் ஆட்டம் கண்டு, விழாமல் நின்ற தூங்குமூஞ்சி மரம் எதிர்க்காற்றில் சாய்வதும் அதற்குப் பிறகுதான்.

சென்னைக்குக் கிழக்கே எத்தனை கிலோமீட்டர் என்று மணிக்கு மணி சொல்லும் அறிக்கை, பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் எத்தனை மணிக்கு என்பதையும் சொல்ல வேண்டும். அதுவரை மேற்குப் புறநகர்வாசிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ‘கரையைக் கடந்தது’ என்று கேட்டதும் வண்டியை எடுக்காதீர்கள். இரண்டாவது காற்றும் அடித்து ஓயட்டும்.

(தொடரும்)