தேயிலை மலையில் நடந்த பல்லாராய்ச்சி

பல்லாட்டம் முதுமையின் அடையாளம் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணமாகும். தலை நரைத்தலும், பார்வை மங்குதலும், பல் விழுதலும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றன. நரையைத் தடுக்க முடியாதது போலப் பல்லாட்டத்தையும் தடுக்க முடியாது என்று கருதி, ஆடும் பல்லைப் பிடுங்குவித்துக்கொண்டு அமைதியாக வீடு திரும்புவோர் பலர். அங்ஙனம் பிடுங்கப்பெற்ற பல்லை உற்று நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். பலவேளைகளில் அப்பல்லில் ஒரு சிறு சூத்தைதானும் இராது. பல் பழுதற்றது, பழுதுற்றது அது நின்ற நிலமே. வெள்ளம் அரித்த கரையில் நின்ற மரம் தன் வைரம் குன்றாமலே சாய்வதை ஒத்தது இது.

பல்லைச் சூழ்ந்திருக்கும் தசையை ஈறு என்றும் முரசு என்றும் வழங்குவர். முரசுக்கு அடியில் தாடையெலும்பு இருக்கிறது. அவ்வெலும்பிலுள்ள குழியில் பல்லின் வேர் பொருந்தியிருக்கிறது. வேரையும் எலும்பையும் எண்ணிறந்த நுண்ணிய நார்கள் இணைத்து நிற்கின்றன. இந்நார்களும் எலும்பும் சேர்ந்தே பல்லுக்குப் பிடிமானம் தருகின்றன. இனி, உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் பல்லின்மேல் ஒரு மெல்லிய பிசுபிசுப்பான படலம் நாள்தோறும் படிகின்றது. அது வெறும் உணவுத் துணுக்கன்று. பற்றீரியா என்னும் நுண்ணுயிர்கள் கூட்டங்கூட்டமாகக் குடியேறி அமைத்துக்கொண்ட குடியிருப்பு. அகற்றாது விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணப் பொருள்கள் சேர்ந்து அப்படலம் கல்லாக இறுகும். பற்காரை எனப்படுவது அதுவே.

இப்படலத்துக்கும் முரசு நோய்க்கும் உள்ள தொடர்பு 1965ஆம் ஆண்டிலேயே ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரிலிருந்த பல்வைத்தியக் கல்லூரியில் ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டறிஞரும் அவர்தம் துணைவரும் ஒரு பரிசோதனை செய்தனர். நல்ல முரசுடைய 12 பேர் பல் துலக்குவதை அறவே நிறுத்துமாறு கேட்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பல்வைத்திய மாணவர். பத்து நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் அவர்கள் அனைவருக்கும் முரசு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முரசு பழைய நிலையை அடைந்தது. இவ்வளவு எளிமையான பரிசோதனை இவ்வளவு பெரிய உண்மையைக் காட்டுவது ஆராய்ச்சி உலகில் அரிது.

ஆயினும் அதற்கு அப்பால் ஒரு வினா எஞ்சி நின்றது. மூன்று வாரத்தில் முரசு சிவக்கும், சரி. முப்பது ஆண்டு துலக்காதிருந்தால் என்ன நிகழும்? வீக்கம் முரசோடு நிற்குமா, அல்லது கீழிறங்கி எலும்பையும் தின்னுமா? எல்லோருக்கும் ஒரே வேகத்தில் தின்னுமா? இதற்கு விடை காண, பல்வைத்தியரின் கை படாத ஒரு மக்கட் கூட்டம் வேண்டும். அவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கவும் வேண்டும். அத்தகைய கூட்டத்தைத் தேடிய ஆராய்ச்சி ஈற்றில் வந்து சேர்ந்த இடம் இலங்கையின் மத்திய மலைநாடு.

லோவும் அவர் குழுவினரும் இரண்டு மக்கட் கூட்டங்களைத் தெரிந்தெடுத்தனர். ஒன்று, நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவிலுள்ள மாணவரும் படித்தவருமான ஆடவர் 565 பேர். இவர்கள் குழந்தைப் பருவந்தொட்டே ஒழுங்கான பற்சிகிச்சை பெற்று வளர்ந்தவர்கள். இவர்களை 1969இல் பார்வையிட்டனர். மற்றது, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் ஆண் தொழிலாளர் 480 பேர். இவர்களை 1970இல் முதன்முறை பார்வையிட்டனர். பதினான்கு வயதுப் பையன் முதல் முப்பதை எட்டிய ஆடவர் வரை அதில் இருந்தனர். உடல் நலமும் உழைப்பு வலிமையும் உடையோர். ஆனால் தூரிகை கொண்டு பல் துலக்கும் வழக்கம் இல்லாதோர். பல்வைத்தியம் என்பதை அறியாதோர். கரியும் உப்பும் விரலும் இல்லையா என்று சிலர் கேட்கலாம். விரல் பல்லின் முகத்தைத் தேய்க்கும். இரு பற்களுக்கிடையே புகாது. நோய் தொடங்கும் இடமோ பெரும்பாலும் அவ்விடைவெளியேயாம்.

அதன்பின் 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் ஆய்வாளர் தோட்டங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தனர். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பல்லின் பக்கத்திலும் மெல்லிய அளவுகோலைச் செலுத்தி, பிடிமானம் எத்தனை மில்லிமீற்றர் கீழிறங்கியுள்ளது என அளந்து குறித்தனர்.

முதலிற் கண்ட செய்தியே வியப்பைத் தருவதாயிருந்தது. இத்தொழிலாளரிடையே பற்சூத்தை ஏறக்குறைய இல்லை எனலாம். பல்லெங்கும் படலமும் காரையும் கறையும் நிறைந்திருந்தும் சூத்தை விழவில்லை. அழுக்குப் பல்லே சூத்தைப் பல் என எண்ணுவோர் இங்கே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். சூத்தைக்குப் பற்றீரியா மட்டும் போதாது. அதற்கு இடையறாது சீனியும் கிடைத்தல் வேண்டும். சுவீடன் நாட்டிலே லுண்ட் நகரை அடுத்த வீப்பஹோம் விடுதியில் 1940களின் பிற்பகுதியில் நடந்து, 1954இல் வெளியான ஆராய்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டியது. உண்ணும் சீனியின் அளவைக் காட்டிலும், உணவுவேளைகளுக்கிடையே அடிக்கடி உண்பதும், பல்லில் ஒட்டும் இனிப்பாக உண்பதுமே பெருங்கேடு விளைவிக்கின்றன என்பது அதன் முடிபு. அவ்விடுதியிலிருந்தோர் மனவளர்ச்சி குன்றியவர்கள். அவர்கள் சம்மதம் கேட்கப்படவில்லை. அந்த அறிவை உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. அது பெறப்பட்ட விதத்தை ஏற்கமாட்டாது.

சூத்தை இல்லாமையால் ஆய்வாளருக்கு ஒரு வசதி நேர்ந்தது. தோட்டத்தில் ஒருவர் பல்லை இழந்தால் அதற்குக் காரணம் முரசு நோயே என ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம்.

இரு கூட்டங்களையும் ஒப்பிட்டபோது எதிர்பார்த்ததே நிகழ்ந்தது. நாற்பது வயதை அணுகிய ஒஸ்லோ ஆடவரின் சராசரிப் பிடிமான இழப்பு ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அவ்வயதை அணுகிய தோட்டத் தொழிலாளரின் இழப்பு நாலரை மில்லிமீற்றர். துலக்கினோர்க்கும் துலக்காதோர்க்கும் மூன்று மடங்கு வேறுபாடு. இதனோடு நின்றிருந்தால் அந்த ஆராய்ச்சி பாடநூலில் ஒரு வரியாக முடிந்திருக்கும்.

சராசரி என்பது சிலவேளை உண்மையை மறைக்கும் திரையாகிவிடுகிறது. 1986இல் வெளியான அறிக்கையில் லோ குழுவினர் அத்திரையை விலக்கிக் காட்டினர். தொழிலாளர் அனைவர் பல்லிலும் படலம் உண்டு, காரை உண்டு. ஏறக்குறைய எல்லா இடங்களிலும் முரசு அழற்சி உண்டு. ஆயினும் அவர்கள் மூன்று வகையினராகப் பிரிந்தனர். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக விரைவாகப் பரவியது. நூற்றுக்கு 81 பேருக்கு மெல்ல மெல்லப் பரவியது. எஞ்சிய 11 பேருக்கோ முரசு சிவந்திருந்ததேயன்றி நோய் அதற்குக் கீழே இறங்கவேயில்லை.

இம்மூவகையினரின் கதியை எண்களிற் காண்பது நன்று. விரைந்து நோயுற்றோர் இருபது வயதளவிலேயே பல்லை இழக்கத் தொடங்கினர். முப்பத்தைந்து வயதில் 12 பற்கள் போயின. நாற்பதில் 20 போயின. நாற்பத்தைந்தில் ஒன்றும் எஞ்சவில்லை. அவர்தம் பிடிமான இழப்பு அவ்வயதில் ஏறக்குறைய 13 மில்லிமீற்றர். முன்வாய்ப் பல்லொன்றின் வேர் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதை நினைவிற் கொண்டால் இவ்வெண்ணின் கொடுமை விளங்கும். நடுவகையினருக்கு முப்பது வயதின் பின்னரே பல் விழத் தொடங்கியது. நாற்பத்தைந்தில் 7 பற்களை இழந்திருந்தனர். மூன்றாம் வகையினர் நோயால் பல்லிழந்தார் என்று சொல்வதற்கே இடமில்லை. ஒரே மலை, ஒரே லயம், ஒரே உணவு, ஒரே தொழில். ஒருவர் வாயில் ஒரு பல்லும் இல்லை. அவர் அயலவர் வாயில் வரிசை குலையாமல் நிற்கிறது.

முதுமையே பல்லை வீழ்த்துகிறது என்னும் எண்ணம் இங்கே தகர்ந்தது. முதுமையாயின் மூவகையினரையும் ஒருங்கே தாக்கியிருக்கும். அழுக்கே பல்லை வீழ்த்துகிறது என்னும் எண்ணமும் பாதியளவில் ஆட்டங்கண்டது. அழுக்கு இன்றி நோய் இல்லை. ஆனால் அழுக்கு இருந்தும் நோய் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று.

அந்த வேறொன்று யாது என்பதே பிற்காலப் பல்லாராய்ச்சியின் பெரும் வினாவாயிற்று. எலும்பைக் கரைப்பது பற்றீரியா நேரே செய்யும் வேலையன்று. பற்றீரியாவை எதிர்த்துப் போரிட உடல் அனுப்பும் வெண்குருதிக் கலங்களும், அவற்றின் ஏவலால் எழும் இரசாயனப் பொருள்களும், எலும்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டிவிடுகின்றன. பகைவனைத் துரத்த வந்த படை ஊரின் பயிரையே மிதித்தழிப்பது போன்றது இது. அப்படை சிலர் உடலில் அளவோடு நடக்கிறது. சிலர் உடலில் அளவு கடக்கிறது. இதிற் பரம்பரைக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் 117 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்று, இந்நோயில் ஆளுக்காள் காணும் வேறுபாட்டின் ஏறக்குறைய அரைவாசி பரம்பரையைச் சார்ந்தது எனக் கணக்கிட்டது.

மற்ற அரைவாசியில் பழக்கங்களும் வேறு நோய்களும் அடங்கும். புகைப்பிடித்தல் அவற்றுள் முதலிடம் பெறுவது. புகையிலையின் நச்சு முரசுக்குச் செல்லும் குருதியோட்டத்தையும் உடலின் எதிர்ப்பையும் கெடுக்கிறது. அதனோடு, முரசிலிருந்து இரத்தம் கசிவதையும் குறைத்துவிடுகிறது. இரத்தம் வராமையால் தம் முரசு நல்லதென்றே புகைப்பவர் எண்ணியிருப்பர். நீரிழிவு நோயும் அங்ஙனமே. அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் நீரிழிவு மிகுந்த பீமா இன மக்களிடையே நடந்த ஆய்வில், நீரிழிவுடையோருக்கு முரசு நோய் ஏறக்குறைய மும்மடங்கு மிகுதியாக நேரக் கூடுமெனக் காணப்பட்டது. லோவே 1993இல் எழுதிய கட்டுரையொன்றில், கண், சிறுநீரகம் முதலியவற்றுக்கு நீரிழிவால் நேரும் கேடுகளோடு முரசு நோயை ஆறாவதாகச் சேர்த்து எண்ணினார். நீரிழிவு பெருகிவரும் இலங்கையில், சலப் பரிசோதனைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் செல்வோர் தம் முரசையும் காட்டும் வழக்கம் இன்னும் பரவாதது வருந்தத்தக்கது.

வெற்றிலை பற்றியும் ஒரு சொல். பாக்கின் துவர்ப்பு பல்லை இறுக்கும் என்ற நம்பிக்கை தோட்டத்திலும் கிராமத்திலும் உண்டு. பல் இறுகுகிறதோ இல்லையோ, புகையிலை சேராத வெறும் பாக்கும் மனிதனுக்குப் புற்றுநோய் தருவதே என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியது. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. பல்லுக்காகப் பாக்கை நாடுவது, கூரை ஒழுக்குக்குச் சுவரை இடிப்பது போலாகும்.

இனி, அளக்கப்பட்ட மனிதர்களைப் பற்றியும் எண்ணுதல் தகும். 1970இல் 480ஆக இருந்த தொழிலாளருள் 1985இல் பார்வையிடக் கிடைத்தோர் 161 பேரே. அப்பதினைந்து ஆண்டும் மலையகம் நிலைகுலைந்த காலம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி குடும்பங்குடும்பமாகத் தலைமன்னார் வழியே இந்தியா சென்றனர். 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாயின. உணவுப் பஞ்சம் வந்தது. 1977இலும் 1983இலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. அத்தகைய காலத்திலும் வாயைத் திறந்து காட்டிய மனிதர்களால், உலகெங்குமுள்ள பல்வைத்திய மாணவர் இன்று கற்கும் பாடமொன்று உருவாயிற்று. 8, 81, 11 என்னும் எண்கள் பாடநூல்களில் உள்ளன. அவ்வெண்களுக்குப் பின்னாலிருந்த பெயர்கள் அங்கு இல்லை. நோயைக் கண்டும் அதன் போக்கை ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கும் ஆராய்ச்சியை இன்றைய அறநெறிக் குழு எதுவும் எளிதில் அனுமதியாது. அந்த ஆராய்ச்சி தந்த அறிவின் பயன், அது பிறந்த தோட்டங்களிலேயே ஒரு பல்வைத்தியரையேனும் அருகிற் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

லோ 2008இல் மறைந்தார். ஆனால் ஆராய்ச்சி அவரோடு முடியவில்லை. 2010இல் வேறொரு குழுவினர் மீண்டும் மலையேறி, முதல் 480 பேருள் 75 பேரைத் தேடிக் கண்டு பார்வையிட்டனர். அன்று இளைஞராயிருந்தோர் இன்று பேரன் பேத்தி கண்ட முதியோர். நாற்பதாண்டில் அவர்கள் இழந்த பற்கள் சராசரியாக 13. ஒரு பல்லும் இழவாதவரும் அவருள் இருந்தனர். 28 பற்களை இழந்தவரும் இருந்தனர். நோய் தொடங்குவதற்கும் வளர்வதற்கும் துணைநின்றவை எவையென நோக்கியபோது, புகைப்பிடித்தலும், பற்காரையும், அகற்றப்படாத படலமும், நீங்காத முரசு அழற்சியும் முன்னே வந்தன. பரம்பரையை மாற்றவியலாது, இவை நான்கும் அவ்வாறல்ல.

2017இல் வெளியான அவ்வறிக்கையில் ஓர் அளவு குறிக்கப்பட்டுள்ளது. அறுபது வயதில் ஒருவரிடம் 20 பற்களேனும் எஞ்சியிருக்குமா என்பதை முன்கூட்டி உணர்த்தும் குறி, அவருடைய முப்பதாவது வயதிலேயே கிடைத்துவிடுகிறது. அவ்வயதில் பிடிமான இழப்பு சராசரியாக 1.81 மில்லிமீற்றரைத் தாண்டியிருக்கிறதா இல்லையா என்பதே அக்குறி. அளப்பதற்கு வேண்டியது ஒரு சிறு அளவுகோலும், சில நிமிட நேரமும், முப்பது வயதில் பல்வலி இல்லாதபோதே பல்வைத்தியரிடம் செல்லும் ஒரு மனமும்.