சிறுத்தைக்குக் கூண்டு, தொழிலாளிக்கு இருட்டா?

2025-ஆம் ஆண்டு ஜூன் 20 மாலை. வால்பாறை மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டருகே விளையாடிக்கொண்டிருந்த நான்கு வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கவ்விச் சென்றது. மறுநாள் குழந்தையின் உடல்தான் கிடைத்தது. பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அதற்கு முந்திய ஆண்டு, 2024 ஜனவரி 6-ல், நீலகிரி ஜில்லா பந்தலூரில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அதுவும் ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளி வீட்டுக் குழந்தைதான்.

பந்தலூரில் மக்கள் கொதித்தெழுந்து சாலையை மறித்தார்கள். மறுநாளே சிறுத்தை மயக்க ஊசியில் விழுந்தது. வால்பாறையிலும் ஒரு வாரத்துக்குள் கூண்டில் சிறுத்தை சிக்கியது. கூண்டுக்குள் கிடந்த சிறுத்தையின் படமும் வெளியாயிற்று. அத்துடன் விவகாரம் தீர்ந்ததாகக் கருதப்பட்டது. தீர்ந்துவிட்டதா? லைன் வீட்டு வாசலில் விளக்கு எரிகிறதா? அந்தி நேரத்தில் அடுத்த குழந்தை யார் கண்காணிப்பில் இருக்கிறது? இந்தக் கேள்விகளையும் சேர்த்துக் கூண்டில் அடைத்துவிட முடியுமா என்று கேட்கிறோம்.

இப்படிப்பட்ட சாவு நேரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. "காட்டை மனிதன் ஆக்கிரமித்தான், இப்போது அனுபவிக்கிறான்" என்பது ஒன்று. பட்டணத்தில் மின்விளக்கின் கீழ் உட்கார்ந்து பேசுவோர் குரல் அது. "சுட்டுத் தள்ளு, இல்லையேல் பிடித்துக் கொண்டுபோய் எங்காவது விடு" என்பது மற்றொன்று. பிள்ளையைப் பறிகொடுத்த இடத்தில் எழும் ஆத்திரக் குரல் அது. முதல் குரலில் நியாயமே இல்லை. இரண்டாவது குரலில் நியாயம் உண்டு. ஆனால் அது காட்டும் வழியில் பலன் இல்லை.

காட்டை ஆக்கிரமித்தது யார்? ஆனைமலையின் இந்த மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. காடரும் மலசரும் முதுவரும் வாழ்ந்த மழைக்காடு அது. 1890-களில் தொடங்கி வெள்ளைக்காரத் துரைமார் அதை வெட்டித் தோட்டம் போட்டார்கள். கீழ்நாட்டு வறுமையைக் காட்டிக் கங்காணிகள் ஆள் கட்டினார்கள். வந்தவர்கள் மழையிலும் குளிரிலும் மலேரியாக் காய்ச்சலிலும் மடிந்தார்கள். மிஞ்சியவர்கள் தேயிலையை வளர்த்தார்கள். அந்த மண்ணில் அவர்களுக்கு ஒரு சென்ட் நிலமும் சொந்தமாகவில்லை. வேலை ஓய்ந்தால் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான். நிலமே இல்லாதவன் நிலத்தை ஆக்கிரமித்தான் என்று பேசுவது வேடிக்கையல்ல, கொடுமை!

சிறுத்தையோ எங்கிருந்தோ வந்து ஊருக்குள் நுழைந்ததல்ல. அது அங்கேயே இருக்கிறது. தேயிலைக்கு நடுவே சோலைக்காடுகள் துண்டு துண்டாக இன்றும் நிற்கின்றன. மேட்டைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் பரம்பிக்குளமும் அரண் போலக் கிடக்கின்றன. வால்பாறைத் தோட்டங்களில் சிறுத்தையின் எச்சத்தைச் சேகரித்துச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், அதன் உணவில் பெரும்பகுதி கேளையாடு, கடமான், சருகுமான், முள்ளம்பன்றி முதலிய காட்டு உயிர்களே என்று கண்டார்கள். மனிதனைத் தேடித் தின்னும் பிராணி அல்ல அது. கொழுந்து பறிக்கும் பெண்கள் போகும் பாதையிலேயே இரவில் நடந்து, யார் கண்ணிலும் படாமல் விலகிப் போவதுதான் அதன் வழக்கம்.

பின் ஏன் குழந்தை சாகிறது? சிறுத்தை அந்தியிலும் இருட்டிலும் வேட்டையாடுகிறது. புதரில் பதுங்கி மிக அருகில் வந்த பிறகே பாய்கிறது. நாய், ஆடு, கோழி கிடைத்தால் விடாது. லைன் வீடுகளை ஒட்டிக் குப்பையும் கோழிக் கழிவும் குவிந்தால் நாய்கள் கூடும். நாய்கள் கூடினால் சிறுத்தை நெருங்கும். வீட்டுக்குப் பின்னால் உண்ணிச்செடி மண்டியிருந்தால் அதற்கு மறைவிடம் கிடைக்கும். விளக்கில்லாத வாசலில் ஓடும் குழந்தையும், கழிப்பிடம் இல்லாமல் வெளியே சென்று குனிந்து உட்காரும் ஆளும், அந்த இருட்டில் அதன் கண்ணுக்குச் சிறு இரை போலவே தெரிகிறார்கள்.

இருட்டு, புதர், குப்பை, கழிப்பிடமின்மை — இந்த நான்கில் எதையாவது சிறுத்தை உண்டாக்கியதா? நான்கும் மனிதன் தீர்க்கக்கூடியவை. தீர்க்க வேண்டிய கடமை யாருடையது என்பதும் இரகசியமல்ல.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கட்டித் தருவதும் கழிப்பிடம் வைப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று விதித்தது. 50 பெண் தொழிலாளர் வேலை செய்யும் இடத்திலும், அவர்களுடைய குழந்தைகள் 20 பேர் இருக்கும் இடத்திலும் குழந்தைக் காப்பகம் இருந்தாக வேண்டும் என்றது. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற உரிமைகள் இவை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் வீடு, கழிப்பிடம், காப்பகம் என்ற சொற்கள் இருக்கின்றன. சொற்கள் ஏட்டில் இருந்தால் போதாது. காப்பகத்தில் ஆயா இருக்க வேண்டும், கதவு இருக்க வேண்டும், தாய் வேலை முடிந்து வரும் வரை அது திறந்திருக்க வேண்டும். மாலையில் காப்பகம் மூடும் நேரத்துக்கும் தாய் வீடு திரும்பும் நேரத்துக்கும் இடையில் உள்ள அந்தச் சிறு பொழுதுதான் ஆபத்தான பொழுது.

இனி, பிடித்துக் கொண்டுபோய் விடும் யோசனைக்கு வருவோம். மராட்டிய மாநிலம் ஜுன்னர் வட்டாரத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். கரும்பு விளையும் பூமி அது. சிறுத்தை கரும்புக் காட்டிலேயே குட்டி போட்டு வாழ்கிறது. 1993 முதல் 2001 வரை ஆண்டுக்குச் சராசரியாக 4 தாக்குதல்கள் நடந்தன. சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விடும் திட்டம் தொடங்கிய பின், 2001 முதல் 2003 வரை அந்தச் சராசரி 17 ஆக ஏறிற்று! காரணம் எளிது. அறியாத இடத்தில் விடப்பட்ட சிறுத்தை மிரண்டு அலைகிறது. பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. காலியான இடத்துக்கு வேறொரு சிறுத்தை வந்து சேர்கிறது. கொன்றாலும் கதை இதேதான்: புதரும் நாயும் குப்பையும் இருக்கும் வரை அடுத்தது வரும்.

மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட ஒரு சிறுத்தையைப் பிடிக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. கூண்டு வைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று போவதைத்தான் எதிர்க்கிறோம்.

பம்பாய் நகரத்தின் உள்ளேயே 104 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் 2004-ல் மட்டும் பத்துக்கு மேற்பட்டோர் சிறுத்தையால் மாண்டனர். பின்னர் குப்பையை அகற்றுவது, விளக்குப் போடுவது, குழந்தைகளைத் தனியே விடாதிருப்பது என்று மக்களோடு சேர்ந்து வேலை நடந்தது; தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. அடியோடு ஒழியவில்லை, 2022-ல் ஆரே காலனியில் ஒரு குழந்தை மாண்டது. விளக்கும் சுத்தமும் ஒரு நாள் வேலையல்ல, நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை என்பதையே இது காட்டுகிறது.

தோழர்களே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் ஆலை வேலைக்கு இறங்கிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன லைன் வீடுகளில் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் தொழிலாளர் குடியேறியிருக்கிறார்கள். மலையைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர அங்கே பாட்டன் பாட்டி இல்லை. எச்சரிக்கைப் பலகை தமிழில் இருந்தால் படிக்கத் தெரியாது. "வடக்கத்தியான் வீட்டு விவகாரம்" என்று ஒதுங்குகிறவன், நூறாண்டுக்கு முன் கங்காணியின் பின்னால் மலையேறிய தன் பாட்டனையே ஒதுக்குகிறான். அன்று நம்மவரைக் காய்ச்சல் கொன்றது. இன்று அவர்களுடைய குழந்தையைச் சிறுத்தை கொல்கிறது. சங்கத்தின் சந்தாப் புத்தகத்தில் அவர்கள் பெயரும் ஏற வேண்டும்.

அதுபோலவே, சாவு நடந்த இடத்தில் வனக் காவலரோடு கைகலப்பதில் பயனில்லை. இரவெல்லாம் கூண்டருகே டார்ச் பிடித்து நிற்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் மலைவாழ் மக்கள்; நிரந்தர வேலை இல்லாதவர்கள். அவர்களும் நம் வர்க்கமே.

ஆகவே, ஒவ்வொரு எஸ்டேட்டிலும் நமது தோழர்கள் ஒரு கணக்கெடுக்க வேண்டும். எத்தனை லைன்களில் விளக்கு உண்டு? எத்தனை வீட்டுக்குக் கழிப்பிடம் உண்டு? காப்பகம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது? வீடுகளைச் சுற்றிப் புதர் வெட்டி எத்தனை நாளாயிற்று? இதை எழுதி நிர்வாகத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் மகஜராகக் கொடுக்க வேண்டும். எச்சரிக்கைகளை இந்தியிலும் அஸ்ஸாமியிலும் எழுத வனத்துறையைக் கேட்க வேண்டும். குப்பையைக் கொட்டாமலிருப்பதும், அந்தியில் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்து வருவதும் நம் பங்கு.

அடுத்த சாவுக்குப் பின் சாலை மறிக்க நாம் தயார்தான். அந்தச் சாவு நடக்காதபடி இன்றே விளக்குக் கேட்டுப் போராடத் தயாரா என்பதுதான் கேள்வி. சிறுத்தை மனுவைப் படிக்காது. நிர்வாகம் படித்தே ஆக வேண்டும். படிக்க வைப்போம்!