நாலு மூட்டைக்காரியும் நாடுகளின் ஒப்பந்தமும்

கென்யாவும் உகாண்டாவும் சந்திக்கும் இடத்தில் புசியா என்றொரு ஊர். பாதி அந்த நாட்டில், பாதி இந்த நாட்டில். மக்காச்சோளம், பீன்ஸ், வாழைத்தார் என்று சுமந்துகொண்டு இங்கே எல்லை தாண்டும் சிறு வியாபாரிகளில் பெரும்பாலோர் பெண்கள். கையிலிருக்கும் நாலைந்து மூட்டைதான் அவர்களுடைய மொத்த முதலீடு.

கென்யா, உகாண்டா உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக நாடுகள் 2005-லேயே சுங்க ஒன்றியம் அமைத்துவிட்டன. உறுப்பு நாட்டில் விளைந்த பொருளுக்கு இன்று இன்னொரு உறுப்பு நாட்டில் சுங்க வரி இல்லை. அப்படியிருந்தும் பல பெண்கள் சோதனைச் சாவடிக்கே வராமல், ஊரார் 'எலிப்பாதை' என்று சொல்லும் குறுக்கு வழிகளில் போய்வந்தார்கள். காரணம் இதுதான்: வரிவிலக்கு கிடைக்க வேண்டுமானால் சரக்கு எங்கே விளைந்தது என்பதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். அதற்கு ஏஜெண்ட், அவருக்குக் கமிஷன். லாரி லாரியாக ஏற்றுபவருக்கு அது ஒரு செலவே அல்ல. நாலு மூட்டைக்காரிக்கோ அன்றைய லாபமே போய்விடும். குறுக்கு வழியில் பிடிபட்டால் லஞ்சம், பறிமுதல், சில சமயம் பாலியல் தொல்லையும். காங்கோ எல்லைகளில் இதே அவலம் நடப்பதை உலக வங்கி 2011-ல் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்ததுதான் எளிய மூலச் சான்றிதழ். சரக்கின் மதிப்பு 2,000 டாலருக்கு மிகாமல், இந்த நாடுகளில் விளைந்ததாகவோ தயாரானதாகவோ இருந்தால் போதும். எல்லையிலேயே ஒரு தாளை நிரப்பி, சுங்க அதிகாரியிடம் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். ஏஜெண்ட் வேண்டாம். ஒப்பந்தத்தின் மற்ற பக்கங்களையெல்லாம்விட இந்த ஒரு தாள்தான் பெண்களுக்குப் பெரிய உதவி என்பேன். ஆனால் வெளியிலிருந்து இறக்குமதியான அரிசிக்கும் பழைய துணிக்கும் இது செல்லாது. அதைப் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லையென்றால், சலுகை இருந்தும் ஏமாற்றம்தான்.

ஒப்பந்தம் இருப்பதாலேயே வழி திறந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2021 மார்ச்சில், பூஞ்சை நச்சான அஃப்லாடாக்சினைக் காரணம் காட்டி, உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்துக்குக் கென்யா திடீர்த் தடை விதித்தது. சில நாளில் விலக்கியது; ஆனால் இறக்குமதியாளர் பதிவும் தரச் சான்றும் கட்டாயம் என்றது. நச்சுத் தானியத்தைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சோதனையைச் சிறு வியாபாரி தன் செலவில் எங்கே போய்ச் செய்வாள்?

2018-ல் கிகாலியில் கையெழுத்தாகி, 2021 ஜனவரியில் வர்த்தகத்தைத் தொடங்கிய ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தகப் பகுதி, கண்டம் முழுவதையும் ஒரே சந்தையாக்கப் பார்க்கிறது. வர்த்தகத்தில் பெண்களுக்கும் இளைஞர்களுக்குமான தனி நெறிமுறையை ஆப்பிரிக்க ஒன்றியம் 2024 பிப்ரவரியில் ஏற்றது. மனதார வரவேற்கிறேன். அடுத்து அரசுகள் செலவு செய்ய வேண்டியது எல்லைச் சாவடிகளில்: பெண் அதிகாரிகள், உள்ளூர் மொழியில் கட்டண அறிவிப்பு, மலிவான தானியச் சோதனை, இரவில் மூட்டையை நம்பி வைத்துப்போக ஒரு கிடங்கு. இவற்றுக்குப் பணம் ஒதுக்காத வரை, புதிய சந்தையின் லாபம் லாரிக்காரர்களுக்கே போகும்.