செடியைப் பார்த்தால் ஊர் தெரியும்: முலுண்ட் குடியிருப்புகளின் தொட்டித் தோட்டங்கள்

மும்பை: மும்பையின் வடகிழக்கு எல்லையில், தாணேயை ஒட்டி அமைந்துள்ள முலுண்ட் பகுதியின் பழைய குடியிருப்புச் சங்கங்களைச் சுற்றி வந்தால், எந்த ஜன்னலுக்குப் பின்னால் எந்த மொழி பேசப்படுகிறது என்பதைத் தொட்டிச் செடிகளைக் கொண்டே ஓரளவு ஊகித்துவிடலாம். கறிவேப்பிலை, கனகாம்பரம், தூதுவளை இருந்தால் தமிழ்க் குடும்பம். தேநீரில் இட எலுமிச்சைப்புல்லும் புதினாவும் செழித்திருந்தால் பெரும்பாலும் குஜராத்திக் குடும்பம். மாடத்தில் துளசியும் அருகில் காசித்தும்பையும் தென்பட்டால் மராத்தியர் வீடு. ஆவணி மாதக் கௌரி வழிபாட்டுக்குக் காசித்தும்பை அவர்களுக்கு இன்றியமையாதது.

ஊகம் தவறுவதும் உண்டு. அண்டை வீட்டாரிடையே கன்றுகள் கைமாறிக்கொண்டே இருப்பதால் பல மாடங்களில் மூன்று மாநிலங்களின் சமையலறைகள் கலந்தே கிடக்கின்றன.

1920-களில் திட்டமிட்டு வகுக்கப்பட்ட முலுண்டில் குஜராத்தியரும் மராத்தியரும் மிகுதி. மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாடகையும் வீட்டு விலையும் உயர உயர, தமிழ்க் குடும்பங்கள் பல ரயில் பாதையைத் தொடர்ந்து முலுண்ட், தாணே, டோம்பிவிலி என நகர்ந்தன. மாட்டுங்கா சந்தையில் வாழையிலையும் பொங்கலுக்கு மஞ்சள் கொத்தும் தடையின்றிக் கிடைத்தவர்களுக்கு, புதிய இடத்தில் அவற்றைத் தாமே வளர்க்க வேண்டிய தேவை எழுந்தது.

ஒரே செடி, வேறு பயன்: வியப்புக்குரியது, ஒரே தாவரத்தை ஒவ்வொருவரும் வெவ்வேறு காரணத்துக்காக வளர்ப்பதுதான். செம்பருத்தி தமிழருக்குத் தலைமுடித் தைலத்துக்கு. மராத்தியருக்கு விநாயகரின் விருப்ப மலர். சேம்புச் செடியில் தமிழர் நாடுவது கிழங்கை. மராத்தியரும் குஜராத்தியரும் இலையைத்தான் தேடுகிறார்கள். கடலை மாவு தடவிச் சுருட்டி, வேகவைத்து, அளுவடியாகவோ பத்ராவாகவோ உண்கின்றனர். ஆகவே இலைக்கென வளர்ப்பவர் கருந்தண்டு வகையையும், கிழங்குக்கென வளர்ப்பவர் வேறு வகையையும் தேர்ந்தெடுக்கின்றனர். ஒரே சுற்றுச்சுவருக்குள் ஓர் இனத்தின் இரு வகைகள் காப்பாற்றப்படுவது இப்படித்தான். இதை எந்தத் தோட்டத் துறையும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

பெங்களூரின் வீட்டுத் தோட்டங்களையும் குடிசைப் பகுதிகளையும் ஆராய்ந்து ஹரிணி நாகேந்திராவும் அவரது சக ஆய்வாளர்களும் 2012 முதல் வெளியிட்ட கட்டுரைகளும் இதற்குத் துணை நிற்கின்றன. உணவு, மருந்து, வழிபாடு ஆகிய பயன்களே தாவரத் தேர்வில் முன்னிற்கின்றன என அவை காட்டின. நிலமில்லாத ஏழைகளின் குடியிருப்பில் முருங்கை முக்கிய இடம் பெற்றிருந்தது.

நோக்கம் மாறினால்: பிறந்த ஊர் மட்டுமே தோட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. மும்பைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் மைய உணவுக்கூட அதிகாரியாக இருந்த பிரீத்தி பாட்டீல் 2002-ல் அதன் மொட்டை மாடியில் தோட்டம் தொடங்கியதற்குக் காரணம், அன்றாடம் குவிந்த சமையல் கழிவு. கழிவை மண்ணாக்குவதே முதல் நோக்கமாக இருந்ததால், காய்கறிகளோடு சப்போட்டா, கொய்யா போன்ற பழ மரங்களும் அங்கு வளர்ந்தன. தாணேயின் கோட்பந்தர் சாலைப் பகுதியில் தனது குடும்ப நிலத்தை வண்ணத்துப்பூச்சித் தோட்டமாக்கிய ராஜேந்திர ஓவலேகரின் தேர்வோ முற்றிலும் வேறு. பிறர் களை என்று பிடுங்கி எறியும் செடிகளுக்குப் புழுக்களின் உணவு என்ற முறையில் அங்கே இடம் உண்டு.

முலுண்டின் மாடங்களிலும் இந்த முரண்பாட்டைக் காணலாம். கறிவேப்பிலையை மேயும் பச்சைப் புழு, சமையலுக்கு இலை பறிப்பவருக்குப் பகை. ஆனால் மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டிலிருந்து வரும் வண்ணத்துப்பூச்சிகளை ரசிப்பவர், ஒரு கிளையை அதற்கென விட்டுவைக்கிறார்.

இடிக்கப்படும் கட்டடங்கள்: முலுண்டின் மூன்று, நான்கு மாடிக் கட்டடங்கள் பல இடிக்கப்பட்டு, உயர்ந்த கோபுரங்களாகி வருகின்றன. தரைத் தோட்டம் இருந்த இடத்தில் வாகன நிறுத்தத் தளமும், அதன் மேல் ஒப்பந்தக்காரர் அமைக்கும் புல்வெளியும் அலங்காரப் பனைகளும் வருகின்றன. எல்லாக் கட்டடங்களிலும் ஏறக்குறைய அதே பனைகள்.

மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் (1975) மரங்களை வெட்ட அனுமதி பெற வேண்டும் என்கிறது. 2021-ல் செய்யப்பட்ட திருத்தம், 50 ஆண்டுகளைக் கடந்தவற்றைப் பாரம்பரிய மரங்களாக ஏற்றது. துளசி, மஞ்சள், சேம்பு, தூதுவளைக்கு இச்சட்டத்தில் இடமில்லை. முப்பது ஆண்டுகளாக ஒரு மூதாட்டி சேர்த்த செடிகள் கணக்கெடுப்புப் பட்டியலில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலத்தில் சுமார் 256 ஏக்கரைப் பயன்படுத்த 2024-ல் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அப்படி நடந்தால், தாராவியின் குறுகிய சந்துகளில் பெயின்ட் டப்பாக்களில் வளரும் கற்றாழையும் துளசியும் முலுண்டின் அண்டை வீட்டுச் செடிகளாகலாம்.

மாற்று வீட்டுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் தொட்டிகளைத் தூக்கிச் செல்கின்றன. தரையில் வேரூன்றியவற்றை என்ன செய்வது? கறிவேப்பிலைக்கு மட்டும் கவலை குறைவு. வேரிலிருந்து பக்கக்கன்று விடும் அது, ஒரு மழைக்காலம் கிடைத்தால் பழைய பிளாஸ்டிக் வாளியிலும் பிடித்துக்கொள்கிறது.