மாரிஸ் மைனரின் முன்சக்கரம் ஏன் மடிகிறது?

இங்கிலாந்தில் 1948-இல் வெளிவந்த மாரிஸ் மைனர் கெட்டியான வண்டிதான். ஆனாலும் பராமரிப்பு தவறினால், மெதுவாகத் திரும்பும்போதே முன்சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் சாய்ந்துவிடும். ஏன்?

சக்கரத்தைத் தாங்கும் கிங்பின்னின் கீழ்முனை, ட்ரன்னியன் என்ற உலோகத் துண்டுக்குள் மரையில் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரைக்குள் மரை சுழலும். தரை கிங்பின்னை மேலே தள்ளுகிறது. வண்டியின் எடை ட்ரன்னியனைக் கீழே அழுத்துகிறது. இரண்டும் பிரிந்து உருவிக்கொள்ளாமல் பிடித்திருப்பது அந்த மரை மட்டுமே. கிரீஸ் வற்றினால் தேய ஆரம்பிக்கும். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ‘டொக்’கென்று ஆடினால் சந்தேகப்படலாம். புதிய ட்ரன்னியன் வாங்கும்போது கவனம்: இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்.

சஸ்பென்ஷனை மேம்படுத்த நினைப்பவர்கள் பலர் கைவைப்பது, சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் டார்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பியில். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 10 சதவீதம் தடித்தாலே சுமார் 46 சதவீதம் விறைப்பு கூடிவிடும். அளவு மீறினால் முதுகுதான் பதில் சொல்லும்! டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பரும் பொருத்தலாம். ஆனால் பழைய ஷாக் அப்சார்பரின் கைதான் கிங்பின்னின் மேல் இணைப்பு என்பதால், பல கிட்களில் அது வெறும் கீலாக அங்கேயே தங்கிவிடுகிறது.