கடலுக்குள் அணியும் காற்றுச் சட்டை... எதை வாங்குவது?

கோடை விடுமுறை என்றால் முன்பெல்லாம் ஊட்டி, கொடைக்கானல்தான். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தமான் போகிறார்கள். போகிறவர்கள் கரையில் நின்று அலையை ரசித்துவிட்டுத் திரும்புவதில்லை. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்கே போய் மீனையும் பவளத்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். புதுச்சேரியிலும் சென்னைக் கடற்கரையிலுங்கூட இந்த ‘ஸ்கூபா’ வித்தையைச் சொல்லித் தருகிறார்கள். இரண்டு மூன்று முறை போய் ருசி கண்டவர்கள் அடுத்துக் கேட்பது, ‘‘சொந்தமா ஒரு பி.சி.டி. வாங்கிடலாமா?’’ என்பதுதான்.

‘சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?’ என்று கேட்கிறீர்களா? தோள் வலி, இடுப்பு வலி என்று என்னிடம் வருகிறவர்களில் இந்தக் கடல் பிரியர்களும் உண்டு. எண்ணெய், ஒற்றடம் எல்லாம் கொடுத்துவிட்டு, ‘‘அந்தச் சட்டையை ஒரு நாள் எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்’’ என்பேன். பாதிப் பேருக்கு நோய்க்குக் காரணம் அளவு சரியில்லாத அந்தச் சட்டைதான்! ஐம்பது வயதுக்குமேல் நானும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டவன் என்பதால், அதைப் பற்றிக் கொஞ்சம் பேசும் தைரியம் வந்திருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லை மிதித்துக்கொண்டு அடிக்குப் போனார்கள். மேலே வர, படகில் இருந்தவர் கயிற்றை இழுத்தார். இறங்கக் கல், ஏறக் கயிறு. இன்றைய ஸ்கூபாக்காரருக்கு இறங்க இடுப்பில் ஈயக் கட்டிகள். ஏறவும், நடுவில் மிதந்து நிற்கவும் பி.சி.டி. கையில்லாத கோட்டு மாதிரி இருக்கும். உள்ளே ஒரு காற்றுப்பை. சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் வரும். பொத்தானை அழுத்தினால் பை உப்பும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் காற்று வெளியேறும். இவ்வளவுதான் சாமான். ஆனால் கடலடியில் உங்கள் உடம்பு எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே சட்டைக்குள் இருக்கும் ஒரு லிட்டர் காற்று, மேலே வரும்போது இரண்டு லிட்டராக விரியும். நுரையீரலுக்குள் இருக்கும் காற்றுக்கும் இதே கதைதான். யோகாசன வகுப்பில் கும்பகம் பழகியவர்கள், ‘‘எனக்கு மூச்சடக்கம் நல்லா வரும் டாக்டர்’’ என்று பெருமையாகச் சொல்வார்கள். தயவுசெய்து அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்! ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. அடக்கியபடி மேலே ஏறினால் விரிகிற காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். அதனால்தான் நான் எந்தச் சட்டையைப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது, அதில் எவ்வளவு காற்று பிடிக்கும் என்பதை அல்ல. எவ்வளவு சுலபமாக வெளியேற்றலாம் என்பதை.

சட்டையில் மூன்று ஜாதி உண்டு. முதலாவது, வாடகைக்குக் கொடுக்கும் இடங்களில் நீங்கள் பார்க்கிற ‘ஜாக்கெட்’. காற்று விலாவைச் சுற்றியும் நிறையும். தண்ணீர் மட்டத்தில் நிமிர்ந்து நிற்கச் சுகமானது, புதியவர்களுக்கு ஏற்றது. ஆனால் முழுக்க ஊதினால் வயிற்றையும் மார்பையும் நெருக்கும். இரண்டாவது, காற்றெல்லாம் முதுகுப் பக்கம் மட்டும் நிறையும் ரகம். மார்பு சுதந்திரமாக இருக்கும், தண்ணீருக்குள் உடம்பு மீன் மாதிரி படுக்கை வாட்டத்தில் வரும். கழுத்துக்கும் இடுப்புக்கும் இது நல்லது. மேல்மட்டத்தில் அளவுக்கு மீறி ஊதினால் மட்டும் முகத்தை முன்னால் தள்ளும். கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் சரியாகிவிடும். மூன்றாவது, ஓர் உலோகத் தகடு, நாடா, முதுகில் ஒரு காற்றுப்பை என்று தனித்தனியாகப் பொருத்திக்கொள்ளும் ரகம். பார்க்க ராணுவச் சாமான் போலிருக்கும். நீச்சலில் கை தேர்ந்தவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர், ‘‘இது 20 கிலோ தூக்கும் சார்’’ என்பார். சில சட்டைகளில் கிலோவுக்குப் பதில் நியூட்டன் என்று அச்சிட்டிருக்கும். பத்து நியூட்டனை ஒரு கிலோ என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு எவ்வளவு வேண்டும்? நம் கடல் வெதுவெதுப்பானது, 3 மி.மீ. ரப்பர் உடை போதும். ஆழத்தில் அது நசுங்கி இழக்கும் மிதப்பு சுமார் 2 கிலோ. நிறைந்த சிலிண்டரில் இருக்கும் காற்றின் எடையே சுமார் இரண்டரை கிலோ. இந்த இரண்டையும் ஈடுகட்டி, மேல்மட்டத்தில் தலையை வெளியே வைத்திருக்கக் கொஞ்சம் மிச்சமும் வேண்டும். 10, 12 கிலோ தாராளம்! அதற்கு மேலே போனால் பெரிய பை, பெரிய இழுவை, உள்ளே காற்று இங்குமங்கும் உருளும். குளிர் நாட்டுக் கடலில் தடித்த உடையோடு இறங்குகிறவர்களுக்குத்தான் பெரிய பை தேவை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். செருப்பு வாங்கும்போது போட்டு நடந்து பார்க்கிறோம். இதற்கு மட்டும் ‘எம்’, ‘எல்’ என்று எழுத்தைப் பார்த்து வாங்கலாமா? தண்ணீரில் அணியும் உடையைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சட்டையை மாட்டுங்கள். சிலிண்டரையும் பொருத்தச் சொல்லுங்கள். பாரம் தோளிலேயே தொங்குகிறதா, இடுப்புப் பட்டை கொஞ்சம் தாங்குகிறதா? தோளில் தொங்கினால், கும்பவாதம் என்று நாங்கள் சொல்கிற தோள்பட்டை இறுக்கம் உள்ளவர்களுக்கு வேதனைதான். இப்போது சட்டையை முழுக்க ஊதுங்கள். ஆழமாக மூச்சு இழுக்க முடிகிறதா? ஒருவரைத் தோள் நாடாவைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காது வரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது. அடுத்து கண்ணை மூடிக்கொண்டு காற்று வெளியேற்றும் வால்வுகள் ஒவ்வொன்றையும் தேடிப் பிடியுங்கள். வலது தோளில் ஒன்று, இடுப்புக்குப் பின்னால் ஒன்று இருக்கும். கை எட்டாத வால்வு இருந்தும் பயனில்லை. தோளைத் தூக்க முடியாதவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெண்கள் ஆண்களின் சட்டையில் சின்ன அளவை வாங்கிச் சமாளிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுக்கென்று முதுகு நீளம் குறைத்து, தோள் நாடாவை வளைத்துத் தைத்த சட்டைகள் வருகின்றன. மார்பை அழுத்தும் பட்டையோடு ஒரு மணி நேரம் எப்படி நிம்மதியாக மூச்சு விடுவது?

பொத்தான் விஷயத்துக்கு வருகிறேன். கழுவாமல் விட்டால் உப்பும் மணலும் சேர்ந்து ஊதும் பொத்தான் அழுத்தியபடியே சிக்கிக்கொள்ளலாம். சட்டை தானாக உப்பி உங்களை மேலே தூக்கும். அப்போது செய்ய வேண்டியவை: மூச்சைத் தொடர்ந்து வெளியே விடுவது, வால்வை இழுத்துக் காற்றைத் திறந்துவிடுவது, குழாயைக் கழற்றுவது. ஆகவே கடையிலேயே கையை நனைத்துக்கொண்டு அந்தக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். வழுக்கினால் வேறு சட்டை. ஈயக் கட்டிகளைச் சட்டைப் பையிலேயே வைக்கும் ரகமானால், ஒரே இழுப்பில் அந்தப் பை கையோடு வர வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இது படகில் கொடுக்கும் உயிர் காக்கும் அங்கி இல்லை. மயங்கிவிட்டவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பி வைக்கும் என்ற உத்தரவாதம் இதற்குக் கிடையாது.

சரி, உள்ளூருக்கு எது, வெளியூருக்கு எது? புதுச்சேரி, சென்னைப் பக்கம் படகிலிருந்து குதிக்கிறோம். வங்கக் கடலில் அலை ஆட்டும். ஏறுவதற்கு முன் ஈயத்தையும் சட்டையையும் தண்ணீரிலிருந்தே கழற்றிப் படகுக்காரரிடம் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் சுலபமாகக் கழலும் கொக்கிகளும், உறுதியான துணியும் முக்கியம். சட்டையின் எடை முக்கியமில்லை. 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக்குக்குப் போகும்போது கதை வேறு. உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோ மூட்டைதான். சாதாரண ஜாக்கெட்டே மூன்றரை, நாலு கிலோ. பயணத்துக்கென்று செய்த சட்டை இரண்டு, இரண்டரை கிலோவில் முடியும், மடித்து வைக்கலாம்.

மெத்தை வைத்த சட்டையில் இன்னொரு தொல்லை, அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு காய மறுக்கும். பல நாள் கடலில் இறங்கியவர்கள் கடைசி இறக்கத்துக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம். மெல்லிய சட்டையானால் அந்த நேரத்துக்குள் காய்ந்துவிடும்.

இப்போது அந்தத் தகட்டுச் சூட்சுமம்! எஃகுத் தகடு இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். உள்ளூரில் அதைப் போட்டால் ஏறக்குறைய அந்த அளவுக்கு இடுப்பு ஈயம் குறையும். பாரம் முதுகில் பரவிவிடுவதால் இடுப்பு வலிக்காரர்களுக்கு இதம். விமானத்தில் போகும்போது அதைக் கழற்றிவிட்டு ஒரு கிலோவுக்கும் குறைவான அலுமினியத் தகட்டை மாட்டிக்கொள்ளுங்கள். நாடாவும் பையும் அதேதான். ஒரே சாமான், இரண்டு ஊர்!

ஒரு எச்சரிக்கை. கடலிலிருந்து வந்த அன்றோ மறுநாளோ மூட்டு வலித்தால், ‘வாயு’ என்று சொல்லி எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க எங்களிடம் வராதீர்கள். ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி சேர்ந்ததால் வந்த வலியாக இருக்கலாம். தேய்த்தால் அடையாளம் தெரியாமல் போய்விடும். பிராணவாயு கொடுக்கவும் அழுத்த அறைக்கு அனுப்பவும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். அதேபோல பீனிசம், ஜலதோஷம், இரைப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் சட்டை வாங்குவதைப் பற்றியே யோசிக்க வேண்டாம். முதலில் டாக்டரின் யோசனை. எண்ணெய்க் குளியல் அன்று வெயிலும் கடும் உழைப்பும் கூடாது என்பது நம் முறை. கடலும் அன்று வேண்டாமே!

வருடத்துக்கு ஒரு முறை, நாலைந்து இறக்கம் மட்டுமே என்றால் வாங்காதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். பெரும்பாலும் வாடகைச் சட்டையைக் கட்டணத்திலேயே சேர்த்துத் தந்துவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் கண்ணாடியை வாங்கலாம். அடிக்கடி போகிறவர்கள் பழைய சட்டை கிடைத்தாலும் பார்க்கலாம். முழுக்க ஊதி இரவு முழுதும் வைத்துவிட்டுக் காலையில் தொட்டுப் பாருங்கள், தொளதொளத்திருந்தால் ஓட்டை. வாங்கிய பிறகு, கடலிலிருந்து வந்தவுடன் வெளியே மட்டும் கழுவினால் போதாது. வாய்க் குழாய் வழியாக மூன்றில் ஒரு பங்கு நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றிக் குலுக்கி, இரண்டு முறை கொட்டுங்கள். பிறகு லேசாக ஊதி நிழலில் தொங்கவிடுங்கள். மொட்டை மாடி வெயில் அதற்கு ஆகாது.