கட்புலனற்ற மாணவரும் விரிவுரை மண்டபமும்

வானொலியிற் பேசுகிறவனுக்குக் கரும்பலகை இல்லை. "இதோ, இந்தக் கோட்டைப் பாருங்கள்" என்று அவன் சொல்ல இயலாது. கேட்போர் காணமாட்டார் என்பதை அறிந்து, யாவற்றையும் சொல்லாலேயே விளக்குகிறான். கட்புலனற்ற மாணவர் ஒருவர் அமர்ந்திருக்கும் விரிவுரை மண்டபத்திலும் ஆசிரியர் கைக்கொள்ள வேண்டிய முறை இதுவே.

ஹெலன் கெல்லர் அம்மையாரின் கல்லூரி வாழ்க்கையை இங்கு நினைத்துப் பார்க்கலாம். பிறந்து பத்தொன்பதாம் மாதத்திற் பார்வையையும் செவிப்புலனையும் இழந்த அவர், 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றட்கிளிப் கல்லூரியிற் சேர்ந்தார். ஆசிரியை ஆன் சலிவன் அருகில் அமர்ந்து, விரிவுரையை எழுத்தெழுத்தாக அவரது உள்ளங்கையில் விரல்களால் உணர்த்தினார். கையே செவியாகிவிட்டமையால் அக்கையாற் குறிப்பெழுத முடியவில்லை. நினைவில் நின்றவற்றை வீடு சென்றே எழுதிக்கொண்டார். வேண்டிய நூல்கள் பல புடைப்பெழுத்தில் உரிய காலத்திற் கிடைக்கவுமில்லை. இத்தனைக்கும் இடையே 1904இல் சிறப்புடன் பட்டம் பெற்றார்.

அவருக்கு இடர் விளைத்தவற்றுள் இரண்டை, குறிப்பில்லாமையையும் நூல் தாமதித்தமையையும், இன்றைய ஆசிரியர் எளிதில் நீக்கலாம். விரிவுரைக் குறிப்பையும் நூற்பட்டியலையும் முன்கூட்டியே கொடுத்தல் வேண்டும். கணினி இன்று எழுத்தைக் குரலாக்கி வாசிக்கிறது. ஆயினும், எழுத்தாக அன்றிப் படமாகக் கொடுத்த பக்கத்தில் அது தடுமாறும். ஆகவே தட்டெழுத்துப் பிரதியையே கொடுத்தல் நன்று. கரும்பலகையில் எழுதுவதை எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லவேண்டும். வரைபடத்தைச் சொல்லால் விவரிக்கவேண்டும்.

பரீட்சை பற்றியும் ஒரு சொல். ஆறு புள்ளிகளாலான பிறெயில் எழுத்தை விரலால் தடவிப் படிப்பதற்குக் கூடுதல் நேரம் செல்லும். அதற்கு ஈடாக மேலதிக நேரம் வழங்குவது நியாயமேயன்றிச் சலுகையன்று. நாம் அளக்க விரும்புவது விரலின் வேகத்தையா, மாணவரின் அறிவையா? இரக்கத்தால் மதிப்பெண்ணைக் கூட்டுவதோ அவரை இழிவுபடுத்துவதாகும்.

உடற்குறையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுத்தலாகாது என்று நம் நாட்டின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. வாயிலைத் திறப்பது சட்டம். உள்ளே வந்தவருக்குப் பாடத்தை விளங்கச் செய்வது ஆசிரியர் கடன். எவ்வுதவி வேண்டும் என்பதை முதல் நாளிலேயே அம்மாணவரிடம் தனியே கேட்டறிவோமாக. அவருக்காகத் தெளிவாகச் சொன்ன பாடம், கடைசி வாங்கில் இருப்பவருக்கும் தெளிவாகவே விளங்கும்.